கோரைப்பல் ராஜாவும் யானை தேடிய வாரிசும்

கெப்பாலா பத்தாஸுக்கு வடக்கே மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. 1800இல் கெடா சுல்தான் தென்கரையான செபராங் பிறையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கும்வரை இரண்டு கரையும் ஒரே நாடுதான்; கதைகளும் பொதுவானவை. அவற்றில் இன்றும் மறையாதவன் ராஜா பெர்சியோங், கோரைப்பல் முளைத்த அரசன். கெடாவின் அரச மரபைச் சொல்லும் ‘ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா’வில் அவன் கதை வருகிறது. அரண்மனை அடுக்களையில் கீரை நறுக்கும்போது சமையலாளின் விரல் அறுபட்டு, இரத்தம் கறியில் சொட்டுகிறது. அது அப்படியே இலைக்குப் போகிறது. ராஜா இதுவரை அறியாத ருசி அது; அதட்டிக் கேட்டதும் உண்மை வெளிவருகிறது. அதன்பின் மனித இரத்தம் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. கடைவாயில் பல் நீள்கிறது, அமைச்சர்கள் திரண்டெழுகிறார்கள், ராஜா காட்டுக்கு ஓடுகிறான். இதை வெறும் பேய்க்கதை என்று ஒதுக்குவது எளிது. என் கணிப்பில் இது அரசியல் கதை. கொடுங்கோலனை விரட்டலாமா, விரட்டினால் அடுத்து யார் என்ற கேள்விக்குத்தான் அதன் பாத்திரங்கள் ஒவ்வொன்றும் பதில் சொல்கின்றன.

நரமாமிசம் தின்னும் அரசனைப் பாலி மொழியின் மகாசுதசோம ஜாதகமும் அறியும். அங்கே எடுத்து வைத்திருந்த இறைச்சியை நாய்கள் தின்றுவிடுகின்றன. பயந்துபோன சமையல்காரன் பிணத்தின் தொடையை அறுத்து வந்து சமைக்கிறான். அந்த அரசனும் விரட்டப்படுகிறான். ஆனால் போதிசத்துவர் அவனைத் திருத்தி மறுபடி அரியணையில் அமர்த்துகிறார். கெடாக் கதையில் திருந்தலும் இல்லை, திரும்பலும் இல்லை. அரசன், சமையலாள், காடு ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு முடிவை மட்டும் மாற்றியிருப்பதில்தான் இந்த மண்ணின் கதைசொல்லி தெரிகிறான்.

இரத்தம் குடிக்கும் அரசன் எல்லா நாட்டுக் கதையிலும் உண்டே, மனித மனத்தின் பொது அச்சம்தானே அது என்று கேட்கலாம். அச்சம் பல்லை விளக்கும். அடுக்களையில் நேர்ந்த தவறு, ருசி, விசாரணை, விரட்டல் என்று வரிசையாக வரும் ஒற்றுமையை விளக்காது. அப்படியானால் கடாரம் என்ற இந்தக் கெடாவுக்கு வந்த தமிழ்க் கப்பல்களே கதையைக் கொண்டுவந்தன என்று சொல்ல நம்மவர்க்கு ஆசை வரும். அதற்குச் சான்றாக ஒரு கல்லைக் காட்டவும் தோன்றும்: செபராங் பிறையை நிர்வகித்த ஜேம்ஸ் லோ, 1834இல் இதே வட்டாரத்தில் மாலுமி புத்தகுப்தனின் கல்வெட்டைக் கண்டெடுத்தார்; சுமார் ஐந்தாம் நூற்றாண்டுக் கல் அது. மேரோங் மகாவங்சாவை 1849இல் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. ஆனால் அந்தக் கல் பௌத்தம் வந்ததற்குத்தான் சாட்சி, இந்தக் கதை வந்ததற்கு அல்ல. ஹிக்காயாட்டில் ‘பிரா ஓங்’ என்று சயாமியப் பட்டங்கள் மலிந்து கிடப்பதைப் பார்த்தால், ஜாதகம் சயாமிய விகாரைகள் வழியாக வடக்கிலிருந்து இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

கெடாக் கதையில் வாரிசைத் தேடும் யானை மட்டும் நமக்கு நன்கு பழக்கமானது. ஓடிப்போன ராஜாவுக்குக் காட்டோரத்துக் குடியானவர் வீட்டுப் பெண்ணிடம் ஒரு மகன் பிறக்கிறான். காலியான அரியணைக்கு வாரிசைத் தேடி கெமாலா ஜொஹாரி என்ற யானையை அவிழ்த்துவிட, அது அவனைத் தேடிக் கொண்டுவருகிறது. கழுமலத்து யானை கருவூர் சென்று கரிகாலனைக் கொண்டுவந்ததைப் பழமொழி நானூறும், மதுரையில் கண் கட்டிய யானை மூர்த்தி நாயனாரைத் தேர்ந்ததைப் பெரிய புராணமும் சொல்கின்றன. மூர்த்தியார் வணிகர்; அங்கே யானை குலம் பார்க்கவில்லை. கெடா யானை பார்க்கிறது. காரணம் இருக்கிறது. மலாய் அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் ‘செஜாரா மெலாயு’வில் டெமாங் லெபார் டாவுன் என்ற தலைவன் அரசனோடு செய்யும் உடன்படிக்கைப்படி, அரசன் கொடியவனானாலும் குடிகள் துரோகம் செய்யலாகாது. அந்த நினைப்பு ஊறிய உலகில் அமைச்சர்கள் அரசனை விரட்டியதை நியாயப்படுத்த, அவனை முதலில் மனிதன் அல்லாதவனாக்க வேண்டும், அதற்குத்தான் கோரைப்பல். விரட்டியவர்களே நாற்காலியில் உட்காராதிருக்க யானை வேண்டும், வம்சம் அறாதிருக்க மறைந்து வளர்ந்த மகன் வேண்டும். இது கலகத்தை அனுமதிக்கும் கதையா, அடக்கும் கதையா? இரண்டும்தான். அரசன் போகலாம், அரசு போகக்கூடாது. கதையை அரண்மனையே போற்றி வைத்திருந்ததில் வியப்பில்லை. 1968இல் ‘ராஜா பெர்சியோங்’ திரைப்படமானபோது அதற்குக் கதை எழுதியவர், கெடா சுல்தானின் மகனும் அப்போதைய பிரதமருமான துங்கு அப்துல் ரஹ்மான்.