நாற்பத்தொன்பது நாடும் பதினான்கு நாடும்



கொல்லிமலையில் தேவனூர் நாடு என்றொரு பகுதி உண்டு. 'நாடு' என்றவுடன் கொடியும் படையும் எல்லைக் காவலும் உங்கள் நினைவுக்கு வரலாம். அவை எவையும் அங்கு இல்லை. சில சிற்றூர்கள், அவற்றைச் சூழ்ந்த வயல்கள், மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், ஓடைகள், கோயில்கள். இவ்வளவே அந்த நாடு. இவ்வாறே வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு எனப் பதினான்கு நாடுகள் அம்மலைமேல் இன்றும் ஊராட்சிகளின் பெயர்களாக வழங்குகின்றன. 'நாடு' என்னும் இந்தச் சிறு சொல்லை ஆராயாமலே நான் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்துச் சமவெளிப் பள்ளிகளில் சில காலம் பணியாற்றிய பின், மலைமேல் இருந்த ஒரு பள்ளிக்கு மாறுதல் பெற்றேன். நான் சுமந்து சென்ற பொருள்களுள் ஒன்று பெரிய அட்டைப்படம், குமரிக்கண்டத்தின் படம். நூல்களில் கண்டவற்றைப் பார்த்து நானே பெரிதாக்கி வரைந்தது. நீல மையில் கடல், பழுப்பு மையில் மலை. மேற்கே மடகாஸ்கர், கிழக்கே ஆஸ்திரேலியா, இடையே ஒரே நிலம். பஃறுளியாறும் குமரியாறும் பாய, தென்மதுரையும் கபாடபுரமும் விளங்க, நாற்பத்தொன்பது நாடுகளையும் வெவ்வேறு வண்ணத்தில் தீட்டியிருந்தேன். அதனைக் கண்டு பெருமைப்படாத மாணவர் எவரும் இலர். அவர்களினும் பெருமை கொண்டவன் நானே.

ஒருநாள் தேவனூர் நாட்டிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இதில் ஒரு நாட்டைக் கடக்க எத்தனை நாள் நடக்க வேண்டும்?" என்று கேட்டாள். என் படத்தில் அளவுகோல் இல்லை. ஆயின் ஆஸ்திரேலியா இருந்தது. அதைக் கொண்டு கணக்கிட்டு, "ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்" என்றேன். "எங்கள் நாட்டைக் காலையில் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குள் கடந்துவிடலாமே ஐயா" என்றாள் அவள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, அவளை உட்காரச் சொன்னேன். அவ்வாறு உட்காரச் சொன்னதற்காக இன்றும் நாணுகிறேன். அவள் கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று. அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளுள் அதுவே முதற்கேள்வி.

அன்றிரவு மூலநூல்களை எடுத்து வைத்துக்கொண்டேன். சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தியைச் சொல்கிறது. அதற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் அந்நிலத்தை விரித்துரைக்கிறார். இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு எழுநூறு காவதம். அங்கே தெங்க நாடு ஏழு, மதுரை நாடு ஏழு, முன்பாலை நாடு ஏழு, பின்பாலை நாடு ஏழு என்று தொடங்கி, ஏழேழாக நாற்பத்தொன்பது நாடுகள். உரையாசிரியர் தந்தவை இவ்வளவே. அவர் படம் வரையவில்லை. கண்டம் என்றும் கூறவில்லை. குமரிக்கண்டம் என்னும் பெயர் கந்தபுராணத்தில் வருவது. அங்கே அது பரதகண்டத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்றே தவிர, மூழ்கிப்போன பெருநிலம் அன்று.

அப்படியாயின் மடகாஸ்கர் எப்படி வந்தது? அது இங்கிலாந்திலிருந்து வந்தது. 1864-ஆம் ஆண்டில் பிலிப் ஸ்கிலேட்டர் என்னும் விலங்கியலார், லெமூர் என்னும் விலங்கினம் மடகாஸ்கரில் மிகுந்திருப்பதையும், அதன் உறவினங்கள் இந்தியாவில் காணப்படுவதையும் நோக்கினார். நம் தேவாங்கு அந்த உறவினத்தைச் சேர்ந்ததே. கடலை நீந்திக் கடக்க மாட்டாத விலங்குகள் இரு கரையிலும் இருப்பானேன்? இடையில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று கருதி, அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். செர்மானிய அறிஞர் எக்கல் மனித இனத்தின் தொட்டிலையே அங்கே வைத்துப் படமும் வரைந்தார். தமிழறிஞர் சிலர் இதனைப் படித்தபோது, தம் உரைகளில் கண்ட கடல்கோளுக்கு மேனாட்டு அறிவியலே சான்று பகர்கிறது என்று மகிழ்ந்தனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தமிழின் தொன்மை இகழப்பட்ட காலத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆனால் தேவாங்கின் நிலமும் உரையாசிரியரின் நிலமும் ஒரே வண்ணத்தில் ஒன்றாகிப் போயின. பின்னர் 1960-களில் நிலத்தட்டுகள் நகரும் முறை விளங்கியதும், அறிவியலுக்கு லெமூரியா தேவையற்றதாயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை. பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். அக்காலத்தில் மனிதனே இல்லை. புலவர் எங்கே, சங்கம் எங்கே? இப்படங்களின் வரலாற்றைச் சுமதி ராமசுவாமி 2004-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாகக் காணலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். காவதம் என்பது காதம். காதம் ஒன்றுக்குப் பத்து மைல் என்பது பழைய வாய்பாடு. வேறு அளவுகளும் உண்டு. பத்து மைல் என்றே கொண்டால் எழுநூறு காவதம் ஏழாயிரம் மைல். குமரிமுனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில் உள்ளது. அங்கிருந்து தென்துருவம் 98 பாகைத் தொலைவு. பாகைக்கு 69 மைல் வீதம் பெருக்கினால் 6,762 மைல். எனவே குமரிமுனையிலிருந்து நேர் தெற்கே எழுநூறு காவதம் நடப்பவன் தென்துருவத்தையும் கடந்து மறுபுறம் இறங்கிவிடுவான்! இது ஒரு கணக்கு. மற்றொன்றைப் பாருங்கள். உரையாசிரியர் சொன்ன 'நாடு' கொல்லிமலை நாட்டின் அளவினது என்று கொள்வோம். கொல்லியில் பதினான்கு நாடுகள். நாற்பத்தொன்பதைப் பதினான்கால் வகுத்தால் மூன்றரை. மூன்றரைக் கொல்லிமலை, அவ்வளவுதான் கடல் கொண்ட நிலம். ஒரே உரைப்பகுதி, ஒரு சொல்லைப் பிடித்தால் துருவத்துக்கு அப்பால், மற்றொரு சொல்லைப் பிடித்தால் மூன்று மலையும் ஒரு பாதியும்.

இரண்டாவது கணக்கே சரி என்று நான் கூற வரவில்லை. ஆனால் பழந்தமிழகத்தில் 'நாடு' சிறியதாகவே இருந்தது என்பதற்குக் கல்லில் சான்று உண்டு. சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது ஊர்கள் சில சேர்ந்த வேளாண் பகுதி. ஊர்ப்பெயர்களை இன்றுள்ள ஊர்களோடு பொருத்தி, சோழநாட்டின் நாடுகளை ஒவ்வொன்றாய்ப் படத்தில் குறித்தவர் எ. சுப்பராயலு, அவர் நூல் 1973-இல் வெளிவந்தது. கற்பனைப் படத்துக்கும் ஆய்வுப் படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண விரும்புவோர் அதனைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு கல் நிற்கிறது.

கடல்கோளே பொய் என்று எண்ணிவிடாதீர்கள். கடந்த இருபதாயிரம் ஆண்டுகளில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்திருக்கிறது. இலங்கைக்கு நடந்தே செல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வாட்ஜ் கரை என்னும் ஆழம் குறைந்த கடற்பரப்பு இன்றும் உண்டு. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி அழிந்தது. கடல் நிலத்தைக் கொள்ளும். எவ்வளவு கொண்டது என்பதுதான் வழக்கு.

இத்தகைய பிழை நமக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்தின் முதல் தலைமை நில அளவையாளராக இருந்த ஜேம்ஸ் ரென்னல் 1798-இல் வரைந்த ஆப்பிரிக்கப் படத்தில் காங்கு மலைத்தொடர் என்று ஒன்றை நீளமாகத் தீட்டினார். 1887 முதல் 1889 வரை அங்கே பயணம் செய்த பிரெஞ்சு அதிகாரி பிங்கர், அப்படியொரு மலைத்தொடரே இல்லை என்று கண்டார். இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகள் படநூல்கள் அம்மலையைச் சுமந்தன. எழுத்தில் 'இருக்கலாம்' என்று சொல்லலாம். கோட்டுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

இதனை மாணவர்க்கு உணர்த்தக் கற்பனைப் படம் வரைவதையே பயிற்சியாக வைத்தேன். "வல்வில் ஓரி வீழாதிருந்தால் கொல்லி நாடு எப்படி இருந்திருக்கும்? வரைந்து வாருங்கள்" என்றேன். முன்பு கேள்வி கேட்ட அம்மாணவி, சேலம் முதல் உறையூர் வரை தடித்த சிவப்புக் கோட்டால் வளைத்து, நடுவே கொல்லியை வைத்துக் கொண்டு வந்தாள். வகுப்பு அதைக் குறுக்கு விசாரணை செய்தது. ஓரியைக் கொன்ற காரி கொல்லியைச் சேரனுக்கன்றோ கொடுத்தான்? ஓரி பிழைத்திருந்தால் சேரன் வாளாவிருப்பானா? தகடூர் அதியமான் எங்கே? உறையூரை இழந்த சோழன் எங்கே போனான்? காவிரிக்கு அப்பால் ஓரியின் ஆள் எவன் காவல் நின்றான்? கேள்விதோறும் சிவப்புக் கோடு சுருங்கிற்று. முடிவில் மலையும் அடிவாரமும் எஞ்சின. அவள் வருந்தவில்லை. "இப்போதுதான் ஐயா, ஓரி உண்மையான ஆள் போல் இருக்கிறார்" என்றாள்.

அடுத்துத் தேவனூர் நாட்டையே வரைந்தோம். காலடியால் அளந்தோம். நேரில் கண்டதற்கு முழுக்கோடு, கேட்டறிந்ததற்குப் புள்ளிக்கோடு என்று விதி செய்துகொண்டோம். எல்லை ஓடையா, அதற்கு மேலுள்ள மேடா என்பதில் இரண்டு பெரியவர்கள் உடன்படவில்லை; இரண்டையும் புள்ளிக்கோடாக வரைந்தோம். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் என்பது மலையாளி மக்களின் வழிவழிச் செய்தி. அந்த வழியையும் போட வேண்டும் என்றனர் பிள்ளைகள். படத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு நீண்ட புள்ளிக்கோடு தாளுக்கு வெளியே போயிற்று.

என் பழைய அட்டைப்படத்தை நான் கிழிக்கவில்லை. இப்போதும் வீட்டில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பின் ஒருநாள் அதன் அடியில் அளவுகோல் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். ஓர் அங்குலத்துக்கு எத்தனை காவதம் என்று எழுதுவது? அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.