முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை

இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து கண் விழிப்பவர்களில் பலருக்கு, முழங்கால்களுக்கு நடுவே ஒரு முக்கோணத் தலையணை செருகியிருக்கும். கால் பின்னிக்கொண்டால் புதிய மூட்டின் பந்து அதன் கிண்ணத்தை விட்டு நழுவிவிடும் என்ற பயம்தான் காரணம். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்களுக்குப் பத்தியம் உண்டு: கால்மேல் கால் போடக் கூடாது, குனிந்து செருப்பை எடுக்கக் கூடாது, தாழ்வான நாற்காலியில் உட்காரக் கூடாது. நம் ஊரில் சம்மணமும், குந்தி உட்காரும் கழிப்பறையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

அந்தத் தலையணைக்குச் 'சார்ன்லி தலையணை' என்றே ஒரு பெயர் உண்டு. ஜான் சார்ன்லி 1911இல் இங்கிலாந்தின் பரி நகரில் பிறந்த எலும்பு அறுவை மருத்துவர். லங்காஷயரில், முன்பு காசநோய் விடுதியாக இருந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில்தான் அவர் கையில் இன்றைய செயற்கை இடுப்பு மூட்டு உருவானது.

முதல் முயற்சி கண்ணீரில் முடிந்தது. 1950களின் இறுதியில் சார்ன்லி டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தத் தொடங்கினார். ஏறத்தாழ முந்நூறு பேர். வருடக்கணக்காக வலியில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கிண்ணம் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த சதையைப் புண்ணாக்க, வலி திரும்பி வந்தது. ஒரு முறை தேறியவர்கள் மறுபடியும் கத்திக்குப் படுக்க வேண்டியிருந்தது. இந்த மூட்டின் வரலாற்றில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

1962இல் ஒரு விற்பனையாளர் ரைட்டிங்டனுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்தார். நெசவாலைத் தறிகளின் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீன் அது. சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் அதை அழுத்திப் பார்த்தார். நேரம் வீண் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பட்டறையைக் கவனித்துவந்த ஹாரி கிரேவனுக்கு மனம் ஒப்பவில்லை. சார்ன்லி கோபன்ஹேகனில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த சமயம், அந்தத் துண்டைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி இரவு பகலாக ஓட விட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்கு இது மூன்று வாரமாகியும் தேயவில்லை. அந்த நவம்பரிலேயே புதிய கிண்ணம் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. சார்ன்லி இரண்டு பொருள்களையும் தன் தொடைக்குள்ளேயே வைத்தும் பார்த்தார். டெஃப்லான் வைத்த இடம் வீங்கியது. மற்றது சும்மா கிடந்தது.

உராய்வைக் குறைக்கவே அவர் பந்தை 22 மில்லிமீட்டருக்குச் சுருக்கினார். பந்து சிறியதானால் எளிதில் நழுவும். அதனால்தான் தலையணையும் இத்தனை கட்டுப்பாடுகளும். மூட்டை அடைய, தொடை எலும்பின் மேல் முனையை அறுத்து விலக்கி, பிறகு கம்பியால் கட்டுவதும் அவர் வழக்கம். பந்தைத் தாங்கும் உலோகத் தண்டை எலும்பில் பிடிக்கவைக்கும் சிமென்ட் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் அறுத்த எலும்பு சேர வாரங்கள் ஆகும். ஆகவே அந்நாளைய நோயாளிகள் வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தார்கள்.

இப்போது பலருக்கு எலும்பை அறுப்பதில்லை. பந்தும் 32, 36 மில்லிமீட்டர் என்று பெரிதாகிவிட்டது. சில மருத்துவமனைகள் பழைய பத்தியத்தைத் தளர்த்திவிட்டன. 1990களில் அதே கோபன்ஹேகனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட், அறுவைக்குப் பின் நோயாளியைப் படுக்கவைப்பதே கெடுதல் என்று வாதிட்டார். வலியை நன்றாக அடக்கி, சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது அவருடைய முறை. இன்று அறுவை நடந்த அன்றோ மறுநாளோ பிசியோதெரபிஸ்ட் கட்டிலருகே வாக்கரோடு வந்து நிற்கிறார். தொடை வீங்கியிருக்கும், தையல் இழுக்கும், நாலு அடி வைப்பதற்குள் மூச்சு வாங்கும். ஓரிரு நாளில் படிக்கட்டு. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.