புரோட்டான்டிபி: பயனர்கள் தொகுத்த ஆட்ட இணக்கத் தரவுத்தளம்

விண்டோஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கப்பட்ட நிகழ்பட ஆட்டங்கள் லினக்ஸ் கணினிகளிலும் ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியிலும் எப்படி இயங்குகின்றன என்பதைப் பயனர்களே சோதித்துப் பதியும் தரவுத்தளம் புரோட்டான்டிபி ஆகும். இது 2018 இல் தொடங்கியது. ஓர் ஆட்டம் ஓடியதா என்பதோடு, எந்தக் கருவியில், எந்த அமைப்புகளில் ஓடியது என்பதையும் சேர்த்துப் பதிவதே இதன் சிறப்பு.

பின்னணி

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் முயற்சியாக வைன் திட்டம் 1993 இல் தொடங்கியது. அதன் 1.0 பதிப்பு 15 ஆண்டுகள் கழித்து, 2008 இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் எந்த நிரல் ஓடும், எது ஓடாது என்பதை நிரலாளர்களால் மட்டும் சோதித்து முடிக்க இயலவில்லை. ஆகவே பயனர்கள் தம் அனுபவத்தைப் பதிவதற்கு வைன் திட்டம் ஒரு பட்டியலைப் பராமரித்தது. பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், குப்பை என்னும் ஐந்து தரங்கள் அதில் வழங்கின.

தோற்றம்

ஸ்டீம் விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டான் மென்பொருளை 2018 ஆகஸ்ட் 21 அன்று வெளியிட்டது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றும் வசதி அதில் இருந்தது. அன்று வால்வ் சோதித்து ஒப்புதல் அளித்த ஆட்டங்கள் 27 மட்டுமே. ஸ்டீமில் இருந்த மற்ற ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பயனர் தம் பொறுப்பில் முயன்று பார்க்கலாம்.

இந்த இடைவெளியைப் பயனர்களே நிரப்பினர். முதலில் ஒரு பொது விரிதாளில் முடிவுகளைக் குறித்து வந்தனர். விரைவில் அவை தனித் தளமாகி, புரோட்டான்டிபி என்று பெயர் பெற்றன. வைன் பட்டியலின் உலோகத் தரங்கள் இங்கும் தொடர்ந்தன.

தொடக்கத்தில் பயனரே தரத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒருவர் தங்கம் என்றதை மற்றொருவர் வெள்ளி என்றார். பின்னர் படிவம் வினாக்களாக மாற்றப்பட்டது. ஆட்டம் திறந்ததா, விளையாட முடிந்ததா, ஒலி, படம், உள்ளீடு ஆகியவற்றில் குறை உண்டா என்று படிவம் கேட்கிறது. கருத்தைவிடக் கண்டதைக் கேட்டதால் பதிவுகளை ஒப்பிடுவது எளிதானது.

கையடக்கக் கருவியின் வருகை

ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரி 28 அன்று வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப்படத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2021 அக்டோபரில், வால்வ் தன் சான்றளிப்புத் திட்டத்தை அறிவித்திருந்தது. அதன்படி ஆட்டங்கள் சரிபார்க்கப்பட்டவை, விளையாடத்தக்கவை, ஆதரவற்றவை, அறியப்படாதவை என நான்காகப் பிரிக்கப்பட்டன. ஆயினும் பயனர் அறிக்கைகளின் தேவை குறையவில்லை. சான்று முடிவைச் சொல்கிறது. அந்த நிலையை எட்டும் வழியை அறிக்கை சொல்கிறது.

முதல் டெக்கின் திரை 7 அங்குலம், 1280×800 புள்ளிகள் கொண்டது. மின்கலம் 40 வாட்-மணி. சில்லு அதிக அளவாக 15 வாட் வரை மின்சாரம் எடுக்கும். எனவே ஆட்டம் நன்றாக ஓடுகிறது என்ற வாக்கியம் போதாது. படத்தரம் என்ன, நொடிக்கு எத்தனை ஃபிரேம், மின்வரம்பு எத்தனை வாட், மின்கலம் எவ்வளவு நேரம் நின்றது என்பவையும் வேண்டும். நிழல் தரத்தைக் குறைத்து, ஃபிரேம் எண்ணிக்கையை 40 ஆக வரம்பிட்டால் மின்கலம் கூடுதல் நேரம் தாங்கும் என்பது போன்ற குறிப்புகளே வாங்க நினைப்பவருக்கு உதவுகின்றன. எழுத்து சிறிதாக இருந்து படிக்க முடியவில்லை என்பதும் பயனுள்ள பதிவே.

மாறும் உண்மைகள்

சோதனை முடிவு நிலையானது அன்று. புரோட்டானின் புதிய பதிப்பு ஓடாத ஆட்டத்தை ஓட வைக்கலாம். ஆட்டத்தின் புதுப்பிப்பு ஓடியதை நிறுத்தவும் செய்யலாம். 2022 முதல் டெக்கில் விளையாடப்பட்டு வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், மோசடித் தடுப்பைக் காரணம் காட்டி 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனர்களுக்கு மூடப்பட்டது. கருவியிலோ புரோட்டானிலோ பழுது இல்லை. வெளியீட்டாளரின் முடிவு மாறியது. அதற்கு முந்தைய நல்ல அறிக்கைகள் யாவும் உண்மையானவை. ஆனால் அன்றோடு காலாவதியாயின.

இதனால் ஒவ்வோர் அறிக்கையிலும் தேதியும் புரோட்டான் பதிப்பும் இன்றியமையாதவை. அவை இல்லாத பாராட்டு, வாசகரைப் பணம் இழக்கச் செய்யக்கூடும். ஓடவில்லை என்ற பதிவுக்கும் இதே விதி பொருந்தும். மாற்றி முயன்ற அமைப்புகளைக் குறித்துவைத்தால், அடுத்தவர் அதே வழியில் நேரத்தைச் செலவிட மாட்டார்.

புரோட்டான்டிபியில் சேரும் அறிக்கைகள் திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகின்றன. அவற்றை எவரும் பதிவிறக்கி ஆராயலாம். எந்த ஆட்டம் எப்போது ஓடத் தொடங்கியது, எப்போது நின்றது என்பதை அறிய விரும்புவோருக்கு, பெயர் அறியாப் பயனர்கள் எழுதிய இச்சிறு குறிப்புகள் மதிப்புள்ள ஆவணங்களாகும்.