ஜானி டோரனின் குழலும் அயர்லாந்தின் இரண்டு அங்கீகாரங்களும்

2017ஆம் ஆண்டில் அயர்லாந்தில் இரண்டு அங்கீகாரங்கள் நடந்தன. மார்ச் 1 அன்று, டிராவலர்கள் என்னும் நாடோடி மக்களைத் தனி இனக்குழு என்று பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். டிசம்பரில், தென்கொரியாவின் ஜேஜூ தீவில் கூடிய யுனெஸ்கோ குழு, அயர்லாந்தின் இல்லன் பைப்ஸ் வாசிப்பை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முன்னதற்காக ஒரு மக்கள் கூட்டம் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் பெயர் ஜானி டோரன். அவரிடம் போகுமுன் அந்தக் கருவியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஒலி புரியாமல் அவர் கதை புரியாது.

நம்மில் பலர் இந்த ஒலியைப் பெயர் தெரியாமலே கேட்டிருக்கிறோம். ‘டைட்டானிக்’ படத்தின் பின்னணி இசையில் அது வருகிறது. ‘பிரேவ்ஹார்ட்’ ஸ்காட்லாந்துக் கதை. ஆனால் அதற்கு இசையமைத்த ஜேம்ஸ் ஹார்னர் மனதைப் பிசைய வேண்டிய இடங்களில் இந்த அயர்லாந்துக் கருவியைத்தான் அழைத்தார். இரண்டு படங்களிலும் வாசித்தவர் எரிக் ரிக்லர். குழல் போலவும் இருக்கும், தொண்டை கட்டிய ஒரு பெண் பாடுவது போலவும் இருக்கும்.

பைப்ஸ் என்றதும் ராணுவ அணிவகுப்பில் பாவாடை கட்டி, கன்னம் உப்ப ஊதிக்கொண்டு நடப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அது ஸ்காட்லாந்துக் கருவி. இல்லன் பைப்ஸில் வாய்க்கு வேலையே இல்லை. வலது கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு சிறு துருத்தி. கொல்லன் பட்டறைத் துருத்தியின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அது காற்றை இடது கைக்கு அடியில் உள்ள தோல்பைக்கு அனுப்பும். முழங்கை பையை அழுத்தும். ஐரிஷ் மொழியில் ‘இல்லன்’ என்பதே முழங்கையைக் குறிக்கும் சொல்தான். (பழைய பெயர் ‘யூனியன் பைப்ஸ்’. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராட்டன் ஃப்ளட் என்ற எழுத்தாளர் பரப்பிய பெயர்தான் இன்று நிலைத்துவிட்டது. அதற்கு ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஆதாரம் இருப்பதாக அவர் காட்டியது வெறும் கற்பனை. வரலாறு எழுதுகிறவர்கள் பழமைக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான் ஆகும்.)

மூச்சின் ஈரம் படாத உலர்ந்த காற்று என்பதால் நாணல் சீவாளி மெல்லியதாக இருக்கலாம். அதனால் குரல் கூர்மையாகவும் இனிமையாகவும் வரும். பாடும் குழல் இரண்டு எண்மங்கள் ஏறும். ஸ்காட்லாந்துக் கருவியில் ஒன்பதே சுரங்கள். இதற்கு மேல், நாகசுரத்துக்கு ஒத்து பிடிப்பது போல மூன்று ஒத்துக் குழல்கள் ஒரே சுரத்தை மூன்று தளங்களில் விடாமல் முழங்கிக்கொண்டிருக்கும். ‘ரெகுலேட்டர்’ எனப்படும் சாவி வைத்த மூன்று மூடிய குழல்கள் மடியில் கிடக்கும். விரல்கள் பாட்டில் இருக்கும்போதே மணிக்கட்டால் அந்தச் சாவிகளைத் தட்டினால் ஒத்திசைச் சுரங்கள் எழும். ஒரே ஆள், ஒரு சிறு குழு.

மனதைப் பிடிக்கும் ரகசியம் தொடையில் இருக்கிறது. வாசிப்பவர் உட்கார்ந்துகொண்டு குழலின் அடிவாயைத் தொடைமேல் விரித்த தோல்துண்டில் அழுத்துவார். எல்லாத் துளைகளும் மூடினால் குழல் மௌனமாகிவிடும். ஒத்து மட்டும் முழங்கும். இதனால் சுரங்களை உளியால் கொத்தியது போல ஒவ்வொன்றாக வெட்டி வாசிக்கலாம். இது மூடிய வாசிப்பு. குழலைத் தொடையிலிருந்து தூக்கிவிட்டு, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கி, அதிரவிட்டு, வெள்ளம் போலவும் ஓடவிடலாம். இது திறந்த வாசிப்பு. ஊரில் வீட்டுக்குள் அடுப்படியில் வாசித்தவர்களுக்கு மூடிய வாசிப்பு போதும். சந்தையில், மாட்டுச் சத்தத்துக்கும் தரகர் கூச்சலுக்கும் நடுவில், போகிறவரை நிறுத்திச் சில்லறை போட வைக்க வேண்டியவருக்கு எது வேண்டும்? பாணி என்பது பலசமயம் பிழைப்பின் தேவையிலிருந்துதான் பிறக்கிறது.

இது டிராவலர்கள் உருவாக்கிய கருவி என்று நாம் சொல்லக்கூடாது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இதைப் பிரபுக்களும் பொழுதுபோக்குக்கு வாசித்தார்கள். விலை அதிகம். செய்வதும் கடினம், சீவாளியைப் பராமரிப்பது அதைவிடக் கடினம். மறுபக்கம், கண்பார்வை இழந்த ஏழைகளுக்குப் பிழைப்புக்கென்று இதைக் கற்றுக்கொடுக்கும் வழக்கமும் இருந்தது. கிளேர் பகுதியின் காரெட் பேரி அப்படிப்பட்டவர். பெரும்பஞ்சத்தின் நடுவில், 1847இல் பிறந்து, குழந்தையிலேயே பெரியம்மையில் பார்வை போய், ஊர் ஊராக நடனங்களுக்கு வாசித்தவர். 1899இல் எனிஸ்டைமன் ஏழைகள் விடுதியில் இறந்தார்.

பஞ்சமும் புலம்பெயர்வும் கேட்பவர்களைக் கொண்டுபோயின. பாதிரிமார்கள் நாற்சந்தி நடனங்களைப் பாவம் என்று விரட்டினார்கள். 1935இல் வந்த நடனக்கூடச் சட்டம், உரிமம் இல்லாத பொது நடனங்களைக் குற்றமாக்கியது. டப்ளினில் லியோ ரவுசம் போன்றவர்கள் கருவி செய்து, வகுப்பெடுத்து இதைக் காப்பாற்றினார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் நகரத்துக்கு வெளியே, மேற்குக் கரையின் சிற்றூர்கள் வரை இந்த ஒலியைச் சுமந்து சென்றதில் குதிரை வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஜானி டோரன் 1908 வாக்கில் பிறந்தவர். விக்லோ பகுதியின் ராத்நியூ அவர் குடும்பத்தின் ஊர். முன்னோர்களில் ஒருவர் ‘கேஷ் தி பைப்பர்’ என்று புகழ்பெற்ற ஜான் கேஷ். தகரவேலை, குதிரை வியாபாரம், கூடவே குழல். சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்து இசை தொகுத்த பிரான்சிஸ் ஓ’நீல் 1913இல் வெளியிட்ட நூலில் கேஷுக்கு இடம் கொடுத்திருக்கிறார். ஜானியும் தம்பி ஃபீலிக்ஸும் 1930களில் குடும்பத்தோடு குதிரை வண்டியில் சந்தை, குதிரைப் பந்தயம், கால்பந்துத் திடல் என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் போய் வாசித்தார்கள். 1936இல் மில்டவுன் மால்பே பந்தயத்தில் ஜானியின் வாசிப்பை ஒரு இளம் தச்சர் கேட்டார். பெயர் வில்லி கிளான்சி. அவருடைய முதல் கருவி ஃபீலிக்ஸ் டோரன் மூலமாகத்தான் கைக்கு வந்தது. பின்னாளில் அயர்லாந்தே கொண்டாடிய கலைஞர் ஆனார் கிளான்சி. அவர் இறந்த 1973ஆம் ஆண்டு தொடங்கி, அவர் பெயரில் மில்டவுன் மால்பேயில் கோடைக்கால இசைப்பள்ளி நடந்துவருகிறது.

ஜானியின் வாசிப்பு இன்றைக்கும் கேட்கக் கிடைப்பதற்குக் காரணம் ஒரு நண்பரின் கவலை. டப்ளினில் கடை வைத்திருந்த கிளேர்க்காரர், பிடில் கலைஞர் ஜான் கெல்லி. ஜானியின் உடல்நிலை சரியில்லை என்று கண்டு, நாட்டார் வழக்காற்று ஆணையத்தில் இருந்த கெவின் டானஹரிடம் சொன்னார். 1947இல் அசிடேட் தட்டுகளில் சில பாடல்கள் பதிவாயின. அவ்வளவுதான். அதற்குப் பின் எதுவும் பதிவாகவில்லை. 1948 ஜனவரியில் ஒரு காற்று நாளில், டப்ளின் நகரின் பேக் லேனில் நிறுத்தியிருந்த அவருடைய வண்டியின்மேல் சுவர் இடிந்து விழுந்தது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. 1950 ஜனவரியில், நாற்பது சொச்சம் வயதில் இறந்தார்.

அந்தப் பதிவில் ‘ரேக்கிஷ் பேடி’யைக் கேளுங்கள். வேகம்தான் முதலில் தெரியும். இரண்டாம் முறை கேட்டால், வேகத்துக்குள் அவர் எங்கெங்கே குழலை மூடி வெட்டுகிறார், எங்கே தூக்கிவிடுகிறார், ரெகுலேட்டரை எங்கே தட்டித் தாளம் கொடுக்கிறார் என்பது பிடிபடும். ‘காட்டுத்தனமான’, ‘இயற்கையான’, ‘ரத்தத்திலேயே ஊறிய’ என்று டிராவலர் கலைஞர்களைப் பாராட்டும் பழக்கம் ஒன்று உண்டு. இதை நாம் நம்பக்கூடாது. பறையடிக்கும் நம் பெரியவர்களிடமும் இதையேதான் சொல்லிப் பார்த்திருக்கிறோம். ரத்தம் என்று சொல்லிவிட்டால் பயிற்சி காணாமல் போகும், அறிவு காணாமல் போகும், கூலி கேட்கும் உரிமையும் கூடவே போகும். ஜானி வாசித்தது கற்றுக்கொண்ட வித்தை.

இனி அவர் மக்களைப் பார்ப்போம். டிராவலர்கள் அயர்லாந்தின் பூர்வ மக்களே. பஞ்சத்தில் நிலம் இழந்து தெருவுக்கு வந்தவர்களின் பிள்ளைகள், அதனால் திருத்தி ஊருக்குள் சேர்த்துவிடலாம் என்பது நெடுநாள் பொதுப்புத்தி. 2017 பிப்ரவரியில் வெளியான மரபணு ஆய்வு, அவர்கள் பிரிந்து ஏறத்தாழ 360 ஆண்டுகள் ஆகின்றன, அதாவது பஞ்சத்துக்கு வெகு முன்பே, என்று காட்டியது. தங்களுக்குள் கான்ட் அல்லது கேமன் என்னும் மொழி பேசுகிறார்கள். பாத்திரம் செய்வதும் ஓட்டை அடைப்பதும் அவர்கள் கைத்தொழில். அதிலிருந்து வந்த ‘டிங்கர்’ என்ற சொல் வசைச்சொல்லாகிவிட்டது. தொழிற்பெயர் எப்படி வசையாகும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் வாளி வந்தது, தகரவேலை போனது. டிராக்டர் வந்தது, குதிரை வியாபாரம் சுருங்கியது. 1960இல் அரசு ஒரு ஆணையம் அமைத்தது. அதில் ஒரு டிராவலர்கூட உறுப்பினர் இல்லை. 1963இல் வந்த அறிக்கை, அவர்களைப் பொதுமக்களோடு கரைத்துவிடுவதையே தீர்வாக வைத்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1968இல், அழியும் நிலையிலிருந்த குழலைக் காக்க ‘நா பீபரி இல்லன்’ என்னும் கலைஞர் சங்கம் உருவானது. அப்போது வாசிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை என்பார்கள். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நல்ல வேலை செய்த சங்கம். நாம் கவனிக்க வேண்டியது காலத்தை: கருவியைக் காப்பாற்ற வேண்டும் என்றும் அதைச் சுமந்தவர்களின் வாழ்முறை கரைய வேண்டும் என்றும் ஒரே நாடு ஒரே பத்தாண்டில் முடிவெடுத்தது. அந்த மக்களிடமிருந்து பேடி கீனன், ஃபின்பார் ஃப்யூரி போன்ற கலைஞர்கள் அதன் பிறகும் வந்தார்கள். மேடைகள் அவர்களை வரவேற்றன.

மேடைக்கு வெளியே வேறு கதை. 2010இல் வந்த டிராவலர் சுகாதார ஆய்வின்படி, ஒரு டிராவலர் ஆண் மற்ற ஐரிஷ் ஆணைவிடச் சராசரியாக 15 ஆண்டு முன்னதாக இறக்கிறார். 2015 அக்டோபரில் டப்ளின் தெற்கே கேரிக்மைன்ஸில், டிராவலர்களின் தங்குமிடத்தில் தீப்பற்றி 10 பேர் இறந்தார்கள். ஐவர் குழந்தைகள். உயிர்தப்பியவர்களைத் தற்காலிகமாகக் குடியமர்த்த ஒதுக்கிய இடத்தை அக்கம்பக்கத்தவர்கள் மறித்தார்கள்.

அங்கீகாரக் கோரிக்கையின் கதையில் நமக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவிடம் 1996இல் இந்திய அரசு, சாதி இந்த ஒப்பந்தத்துக்குள் வராது என்று வாதிட்டது. குழு ஏற்கவில்லை. 2004இல் அதே குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில் அயர்லாந்து அரசு, டிராவலர்கள் இனத்தாலோ வம்சாவளியாலோ தனிக்குழு அல்ல என்றது. அதையும் குழு ஏற்கவில்லை. டிராவலர்கள் சாதி அல்ல, நம் பிரச்சினையும் இனப் பிரச்சினை அல்ல. ஆனால் இரண்டு அரசுகளும் கையில் எடுத்தது ஒரே சாவியை: பெயர் இல்லாவிட்டால் புகார் இல்லை. அதனால்தான் 2017 மார்ச் 1 அன்று நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் டிராவலர்கள் நிரம்பியிருந்தார்கள். அந்த அறிவிப்பால் புதிய சட்ட உரிமை எதுவும் உருவாகாது என்பதையும் கென்னி அன்றே தெளிவாக்கிவிட்டார்.

ஜானி டோரனின் வண்டி நின்ற இடங்களுக்குத் திரும்புவோம். 2002இல் அயர்லாந்து ஒரு வீட்டுவசதிச் சட்டத்துக்குள் அத்துமீறல் பிரிவைச் சேர்த்தது. அனுமதியின்றி ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தித் தங்குவது அதன்பின் குற்றவியல் வழக்காகலாம். காவலர் வெளியேறச் சொல்லலாம், வண்டியைக் கைப்பற்றலாம். 2002இல் விதித்த தண்டனை ஒரு மாதம் வரை சிறை, 3,000 யூரோ வரை அபராதம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அந்தக் குழலோசை மில்டவுன் மால்பேக்கு வந்து சேர்ந்தது அப்படியொரு வண்டியில்தான்.