புறம்போக்கில் குடியேறிய வைஃபை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பார்க்ஸ் என்னும் சிற்றூருக்கு வெளியே 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. அதன் பதிவுகளில் 1998 முதலே சில துடிப்புகள் பிடிபடாமல் இருந்தன. பார்த்தால் விண்வெளியிலிருந்து வருபவைபோலத்தான் இருக்கும். ஆனால் அவை வார நாள்களில், அதுவும் பகலில்தான் பெரும்பாலும் வரும். சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கூடுதல். 2015இல் எமிலி பெட்ராஃப் என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்த மர்மத்தை உடைத்தார்கள். ஆய்வகத்து ஊழியர்கள் மைக்ரோவேவ் அடுப்பில் சாப்பாட்டைச் சுடவைக்கும்போது, மணி அடிக்கும்வரை பொறுக்காமல் கதவைத் திறந்ததுதான் காரணம். உள்ளே ஓடிக்கொண்டிருந்த காந்தக்குழல் அணைவதற்கு முன் கசிந்த அலை, விண்மீன்களை நோக்கியிருந்த கருவியில் போய் விழுந்திருக்கிறது.

உலகத்தரம் வாய்ந்த தொலைநோக்கிக்கே அந்த கதி என்றால், ஷோகேஸ் மேல் வைத்த ரூட்டர் எம்மாத்திரம்? மைக்ரோவேவ் ஓடும்போது வீட்டில் வீடியோ சிக்கி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அடுப்பும் இணையமும் எப்படி ஒரே அலைவரிசையில் வந்து மாட்டிக்கொண்டன என்பது, கஸ்டமர் கேரில் சொல்லமாட்டாத ஒரு நெடுங்கதை.

அடுப்புதான் முதலில் வந்தது. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ராடார் குழல்களோடு வேலை செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர், இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அவை உமிழும் அலைகளால் உணவைச் சூடாக்கலாம் என்று கண்டார். 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழிற்சாலை, ஆய்வகம், மருத்துவம் ஆகியவற்றின் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி அதில் ஒன்று. தகவல் அனுப்புவதற்காக அல்ல, சூடாக்கவும் உருக்கவும் பயன்படும் கருவிகள் இரைச்சல் போட்டுக்கொள்வதற்காகவே அந்த இடம். தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் அதைக் குப்பை அலைவரிசை என்றே பேசிவந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் புறம்போக்கு.

புறம்போக்கில் குடியேற அனுமதி கொடுத்தது 1985ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியில் பணியாற்றிய மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர் ஆண்டுக்கணக்கில் வாதாடியதன் பலனாக, 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று பகுதிகளில், 1 வாட் வரையிலான சக்தியில், யார் வேண்டுமானாலும் உரிமமில்லாமல் தகவல் அனுப்பலாம் என்று ஆணையம் விதி வகுத்தது. பட்டா கிடையாது, வாடகையும் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் இடித்தால் புகார் கொடுக்கவும் வழி கிடையாது. இன்று வீட்டில் வைஃபைக்குத் தனிக் கட்டணம் இல்லாததும், அது நினைத்த நேரத்தில் திணறுவதும் ஒரே விதியின் இரண்டு விளைவுகள்.

அந்த விதியை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் கல்லாப்பெட்டி செய்தவர்கள். என்சிஆர் நிறுவனம் கடைகளுக்கு பில் போடும் இயந்திரங்களை விற்றுவந்தது. கடைக்காரர் அலமாரியை இடம் மாற்றும்போதெல்லாம் தரையைத் தோண்டி கேபிளை மாற்றிப் போட வேண்டியிருந்தது. கம்பியில்லாமல் இணைக்க முடியுமா என்ற கேள்விக்கு, நெதர்லாந்தில் நியூவகெய்ன் நகரத்தில் இருந்த அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் விடை தேடினார்கள். அப்படிப் பிறந்ததுதான் வேவ்லேன். ஒவ்வொரு கம்பெனியும் தன் பாட்டுக்கு ஒரு மொழி பேசினால் விற்க முடியாது என்பதால் பொதுத் தரம் ஒன்றுக்குக் குழு அமைந்தது. விக் ஹேய்ஸ் பத்தாண்டுகள் அதன் தலைவராக இருந்து எல்லோரையும் ஒரு மேசையில் உட்காரவைத்தார். வைஃபையின் அடித்தளமான 802.11 என்ற தரம் 1997இல் வெளிவந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட்.

அந்தத் தரத்தின் அடிப்படை நாகரிகம் இன்னும் பழையது. 1971இல் ஹவாய்த் தீவுகளைக் கணினியால் இணைத்த நார்மன் ஆப்ராம்சன், ஒரே அலைவரிசையில் பலர் பேசி மோதிக்கொண்டால் ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பட்டும் என்று ஒரு முறை கண்டார். வைஃபை அதைக் கொஞ்சம் பக்குவப்படுத்திக்கொண்டது: முதலில் காது கொடுத்துக் கேள், யாரும் பேசவில்லை என்றால் பேசு. கைபேசியில் வைஃபை கோடுகள் அத்தனையும் நிறைந்திருந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ரூட்டர் பேசுவது நன்றாகவே கேட்கிறது. பேச முறை வரவில்லை, அவ்வளவுதான். மைக்ரோவேவ் அடுப்போ இந்த நாகரிகம் எதுவும் அறியாதது. ஆனாலும் பழைய வகை அடுப்புகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 50 முறை அணைந்து அணைந்து எரிகின்றன. அந்த இடைவெளிகளில் புகுந்து வருவதால்தான் இணையம் அறுந்துபோகாமல் நொண்டிக்கொண்டாவது வருகிறது.

வீட்டுக்குள் வைஃபை நுழைந்தது 1999 ஜூலையில். நியூயார்க் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் மடிக்கணினியில் இணையப் பக்கங்களைத் திறந்துகொண்டே நடந்தார். கம்பி எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை என்று காட்ட, வளையம் ஒன்றைக் கணினியைச் சுற்றி விட்டு எடுத்தார். மாயாஜாலக்காரர் வேலைதான். ஏர்போர்ட் என்ற அந்தப் பெட்டியின் விலை 299 டாலர். அதற்குள் 56கே டயல்அப் மோடமும் இருந்தது என்பதை இப்போது எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டுக்குள் நொடிக்கு 11 மெகாபிட் வேகம். வாசலைத் தாண்டினால் தொலைபேசிக் கம்பியின் ஆமை நடை. 'வைஃபை வருது, ஆனா நெட் வரல' என்ற புகாருக்கான விதை அன்றே விழுந்துவிட்டது.

வைஃபையைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் டச்சுக்காரர்கள் ஒன்று சொல்வார்கள், ஆஸ்திரேலியர்கள் ஒன்று சொல்வார்கள். ஹாலிவுட் நடிகை ஹெடி லமார்தான் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும். 1942இல் அவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெயிலோடு சேர்ந்து வாங்கிய காப்புரிமை உண்மை. ஆனால் அது டார்பிடோவை இயக்குவதற்கானது. வீட்டுக்கு வீடு பரவிய வைஃபை வேறு வழியில் வந்தது. ஆஸ்திரேலியர்களின் உரிமைக்கு வலு அதிகம். வீட்டுக்குள் அலை சுவரிலும் பீரோவிலும் மோதி எதிரொலித்து, ஒரே செய்தி நாலு தடவை முன்னும் பின்னுமாக வந்து சேரும். அந்தக் குழப்பத்தை அவிழ்க்கும் வழியை அந்நாட்டின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தின் ஜான் ஓசல்லிவன் குழு கண்டது. கருந்துளை வெடிப்பின் அலைகளைத் தேடித் தோற்ற 1970களின் ஆய்வில் கைவந்த கணிதம் இதற்கு உதவியது. பின்னாளில் அந்த வழிக்கு வாங்கிய காப்புரிமைக்காக வழக்குப் போட்டு, சமரசங்களில் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வசூலித்தது அந்நிறுவனம். பார்க்ஸ் தொலைநோக்கியும் அதே நிறுவனத்துடையதுதான்.

அக்கம்பக்கத்துத் தொல்லைக்கு வருவோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு என்று ரூட்டரின் செட்டிங் காட்டும். அதை நம்பிவிடக் கூடாது. சேனலுக்குச் சேனல் 5 மெகாஹெர்ட்ஸ்தான் தள்ளிவைத்திருக்கிறார்கள். பேசுவதற்கோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றே. ஒரு மாடியில் எட்டு ஃபிளாட் இருந்தால் மூன்று திண்ணையில் எட்டுக் குடும்பம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், மைக்ரோவேவ் தொல்லையும் இல்லை. ஆனால் சுவரைக் கண்டால் அது சோர்ந்துவிடும். அமெரிக்க மர வீட்டில் மூன்று அறை தாண்டும் அலை, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள நம் வீட்டில் ஒன்றோடு நின்றுவிடுவதில் வியப்பில்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. முதலில் கிடைத்த நான்கு பெருநகரங்களில் அப்போதைய மெட்ராஸும் ஒன்று. மோடம் கத்திக் கத்தித் தொடர்பு எடுத்த காலம் அது. அகலக்கற்றை பரவலாக வர மேலும் பத்தாண்டு ஆயிற்று. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. அதே மாதம் 28ஆம் தேதி 2.4 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதன் நிபந்தனை சுருக்கமானது: பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறரால் வரும் இடையூறுக்குப் பாதுகாப்பும் கோரக் கூடாது, எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மேல்மாடி ரூட்டரைப் பற்றி எங்கே புகார் செய்வது என்று கேட்பவர்களுக்கு அரசாங்கத்தின் பதில் அந்த அறிவிக்கையிலேயே இருக்கிறது.

கடவுச்சொல் போடும் பழக்கம் நம் நாட்டில் ஒரு துயரத்தின் வழியாக வந்தது. வைஃபையின் முதல் பூட்டான டபிள்யூஇபியை 2001லேயே ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் பல வீடுகளில் அந்த ஓட்டைப் பூட்டுகூட இல்லாமல் ரூட்டர் திறந்தே கிடந்தது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. போலீஸ் தடம் பிடித்துப் போனபோது நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீடு வந்தது. சம்பந்தமே இல்லாத அவருடைய இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மும்பை போலீஸார் பூட்டாத வைஃபைகளைத் தேடித் தெருத்தெருவாகப் போனார்கள்.

பழுது பார்ப்பதை ஒரு படிப்பாகவே நடத்திக் காட்டிய ஊர் என்றால் தேனியைச் சொல்ல வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனையை அதன் சுற்றுவட்டார விஷன் சென்டர்களோடு வைஃபையால் இணைக்க, 2005 வாக்கில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் ப்ரூவரின் குழு வந்தது. சிற்றூரில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசுவதுதான் திட்டம். முதல் தடை தூரம். வைஃபை ஒன்றை அனுப்பினால் 'வந்துவிட்டது' என்ற பதிலை எதிர்பார்க்கும். 10 கிலோமீட்டர் போக அலைக்கு 33 மைக்ரோநொடி ஆகிறது, திரும்ப இன்னொரு 33. வீட்டுத் தூரத்துக்காகச் செய்த கருவிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் கேட்டுவிட்டுப் பேசும் முறையைக் கைவிட்டு, முறை வைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள். இதே மென்பொருளைக் கொண்டு 2007இல் வெனிசுவேலாவில் மலைக்கு மலை 382 கிலோமீட்டர் இணைத்தார்கள்.

தூரத்தை ஜெயித்த பிறகுதான் உண்மையான எதிரி யார் என்று தெரிந்தது. அலை அல்ல, மின்சாரம். குழு 2008இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கிராமத்து மின்சாரத்தின் தரத்தைத்தான் பெரிய குற்றவாளியாக நிறுத்துகிறது. மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் போர்டு எரிந்தது. பாதியில் மின்சாரம் போனால், எழுதிக்கொண்டிருந்த நினைவுச் சில்லு கெட்டது. இதையெல்லாம்விடக் கொடுமை லோ வோல்ட்டேஜ். விளக்கு எரியும், ஆனால் கருவி உறைந்துபோய்க் கிடக்கும். செத்ததும் இல்லை, பிழைத்ததும் இல்லை. அதற்கு அவர்கள் கண்ட மருந்து இரண்டு. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இணைப்பையே துண்டிக்கும் சிறு மின்சுற்று ஒன்று. கருவி உறைந்துவிட்டதைக் கண்டுபிடித்துத் தானே அணைத்து எழுப்பும் காவல் மின்சுற்று இன்னொன்று.

'சார், மோடத்தை ஆஃப் பண்ணிட்டு முப்பது செகண்ட் கழிச்சு ஆன் பண்ணுங்க' என்று கஸ்டமர் கேர் பெண் சொல்லும்போது எரிச்சல் வருவது இயல்புதான். ஆனால் அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. தேனியில் மின்சுற்று செய்த வேலையை நம்மைக் கையால் செய்யச் சொல்கிறார், அவ்வளவே. ரூட்டர் ஒரு சின்னக் கணினி. வீட்டில் எந்தக் கருவிக்கு எந்த முகவரி, எந்தப் பேச்சு யாருக்கு உரியது என்ற பட்டியலைச் சிறிய நினைவகத்தில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடுகிறது. பட்டியல் குழம்பினால் அழித்து எழுதுவதே சுலபம். சேனல் தேர்வு தானியங்கியாக இருந்தால், எழும்போது அக்கம்பக்கத்தைக் கேட்டு நெரிசல் குறைந்த சேனலுக்கும் மாறிக்கொள்ளும். அந்த முப்பது நொடி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிவதற்கு.

ஃபைபர் வந்த பிறகு வீட்டு வாசல்வரை வேகம் வந்துவிட்டது. 1999இன் கதை தலைகீழாகி, மெதுவான பகுதி பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஆகவே, அடுத்த முறை நெட் நின்றால் முதலில் மோடத்தில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் தெருவிலோ வாசலிலோ ஃபைபர் அறுந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் பயனில்லை, லைன்மேன்தான் வர வேண்டும். சிவப்பு இல்லையென்றால் மோடத்துக்குக் கேபிள் செருகிச் சோதியுங்கள். கேபிளில் நன்றாக வந்தால் குற்றம் வைஃபைமேல். அப்போது ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தும் இரும்பு பீரோ மேலிருந்தும் இறக்கி, வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில் வையுங்கள். டிவி, மேசைக் கணினி என்று இடம் நகராத எதற்கும் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். மீதி இடம் கைபேசிகளுக்குக் கிடைக்கும்.