முதுமையின் பதற்றமும் அதை அளக்கும் கருவிகளும்

அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை 9,282 பேரிடம் ஒரு தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. வாழ்நாளில் ஒருமுறையேனும் பதற்ற நோய்க்கு ஆளானவர்கள் 30 முதல் 44 வயது வரையுள்ளோரில் 35.1 விழுக்காடு, 60 வயதைக் கடந்தோரில் 15.3 விழுக்காடு என்று 2005இல் அதன் முடிவு வெளியானது. வயது ஏற ஏறப் பதற்றம் தணிகிறது என்ற கருத்துக்கு இத்தகைய எண்களே சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆனால் இது வாழ்நாள் கணக்கு. நாற்பதில் வந்த நோய் அறுபதில் ஒருவரது வாழ்நாள் கணக்கிலிருந்து கழிந்துபோக வழியில்லை. அப்படியிருந்தும் எண் பாதிக்கும் கீழே இறங்குகிறது. நோயுற்றோர் முன்னதாகவே இறந்திருக்கலாம். முந்தைய தலைமுறை உண்மையிலேயே குறைவாகப் பாதிக்கப்பட்டிருக்கலாம். பழைய துன்பம் மறந்திருக்கலாம். கேட்ட கேள்வி முதியவரைச் சென்று சேராமலும் இருந்திருக்கலாம். முதல் மூன்று விளக்கங்களும் ஆய்வுலகில் நெடுநாளாகப் பேசப்படுபவை. நான்காவதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பதும், முதியோர் பதற்றம் பற்றிய அறிவு அதனாலேயே தடம் மாறியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பொதுமைப்பட்ட பதற்ற நோய்க்கான வரையறையிலேயே சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு, கட்டுக்கடங்காத அளவுமீறிய கவலை ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும் என்கிறது. அதனுடன் இருப்புக்கொள்ளாமை, எளிதில் களைத்தல், மனம் ஒருமுகப்படாமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் குலைவு ஆகிய ஆறில் மூன்றாவது இருக்க வேண்டும். களைப்பும் தூக்கக் குலைவும் எழுபது வயதில் எந்த நோயும் இல்லாமலே வரக்கூடியவை. கவனம் சிதறுவதற்கும் உடல் இறுகுவதற்கும் மூட்டுவாதம் முதல் மறதிநோயின் தொடக்கம் வரை வேறு காரணங்கள் பல உண்டு. அளவுகோல்களும் இதே பழுதைச் சுமக்கின்றன. 1959இல் வந்த ஹாமில்டன் அளவையின் 14 கூறுகளில் ஏறத்தாழப் பாதி உடல் சார்ந்தவை. 1988இல் வந்த பெக் அளவையின் 21 கூறுகளில் படபடப்பு, மூச்சுத்திணறல், நடுக்கம், வியர்வை போன்ற உடற்குறிகளே பெரும்பகுதி. தைராய்டு மிகைச்சுரப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பும் இதே குறிகளைத் தரும். மூச்சிரைப்புக்கு இழுக்கும் சால்பூட்டமால் மருந்தும் நெஞ்சைப் படபடக்க வைக்கும்.

இதனால் பிழை இரண்டு பக்கமும் நேர்கிறது. இதய நோயாளி ஒருவர் பதற்ற நோயாளியாக எண்ணப்படலாம். அதைவிடப் பெரிய தீங்கு மறுபக்கத்தில் இருக்கிறது. உண்மையான பதற்றத்தோடு வரும் மூதாட்டியிடம், வயசானால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. தமிழகத்தின் புறநோயாளர் பிரிவுகளில் நெஞ்சு படபடப்பும் வயிற்றுக் கலக்கமும் தூக்கமின்மையுமே முறையீடாக வருகின்றன. ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் சரியாக இருந்தால் பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

உடற்குறிகளைவிட நுட்பமானது ‘அளவுமீறிய’ என்ற நிபந்தனை. இளம் வயதினரின் கவலை மிகையா அன்றா என்று தீர்மானிப்பது ஒப்பீட்டளவில் எளிது. விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் எண்பது வயதினரின் கவலையை எதனோடு ஒப்பிடுவது? முதுமையில் விழுதல் உண்மையான ஆபத்து. இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடமாட்டத்துக்குத் திரும்புவதில்லை. அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதாலேயே அது நோயாகாது என்று வரையறை தள்ளிவிடுகிறது. ஆனால் அதே அச்சம் குளியலறைக்குத் தனியே போவதையும், கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ போவதையும் நிறுத்திவிடும்போது கால்தசை தளர்கிறது. தளர்ந்த கால் மேலும் விழச் செய்கிறது. இந்தச் சுழலை ஆராய்வதற்கென்றே மேரி டினெட்டியும் அவருடைய குழுவினரும் 1990இல் தனி அளவை ஒன்றை உருவாக்கினார்கள். பத்து அன்றாடச் செயல்களை விழாமல் செய்ய முடியும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார் என்பதையே அது கேட்கிறது. விழும் அச்சம் இன்றும் பெரும்பாலும் முதியோர் மருத்துவம், இயன்முறை சிகிச்சை ஆகிய துறைகளின் பொருளாகவே நீடிக்கிறது. மனநலக் கணக்கெடுப்புகளில் அதற்கு இடமில்லை.

தவிர்த்தலும் முதுமையில் கண்ணுக்குப் படுவதில்லை. பேருந்தில் ஏற அஞ்சும் நாற்பது வயதினர் வேலைக்குப் போக முடியாமல் தவிப்பார். அந்தத் தவிப்பையே கணக்கெடுப்பு பாதிப்பாகப் பதிகிறது. ஓய்வுபெற்றவர் வீட்டோடு இருந்துவிட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. வெளியே போகாத அம்மாவை அடக்கமானவர் என்று குடும்பம் பாராட்டவும் கூடும்.

மனச்சோர்வு ஆய்வு இத்தகைய இடரை முன்பே உணர்ந்திருந்தது. யேசவேஜும் சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய முதியோர் மனச்சோர்வு அளவை, உடற்குறிகளை வேண்டுமென்றே விலக்கிவிட்டு ஆம், இல்லை என்று மட்டும் பதில் கேட்டது. பதற்றத்துக்கு அத்தகைய கருவி வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஆஸ்திரேலியாவில் நான்சி பச்சானாவும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட முதியோர் பதற்ற அளவையில் 20 எளிய வாக்கியங்கள் உள்ளன. உடற்குறிகள் மிகக் குறைவு. ஒப்புக்கொள்கிறேன், இல்லை என்ற இரண்டே விடைகள். ஐந்து வாக்கியச் சுருக்க வடிவமும் பின்னர் வந்தது.

கேள்வியை மாற்றினால் எண் எப்படி மாறக்கூடும் என்பதற்கு ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலுமாக ஒரு சான்று கிடைத்தது. ஹாம்பர்க், மாட்ரிட், ஜெனீவா, ஃபெராரா, ஜெருசலேம் ஆகிய நகரங்களிலும் இங்கிலாந்தின் ஒரு மையத்திலும் 65 முதல் 84 வயது வரையுள்ள 3,142 பேரிடம் நடந்த ஆய்வு, உலக அளவில் புழங்கும் நேர்காணல் படிவத்தை முதியோருக்கென்று திருத்திக்கொண்டது. நீண்ட வாக்கியங்கள் உடைக்கப்பட்டன. சிக்கலான கேள்விகள் பிரிக்கப்பட்டன. கடந்த ஓராண்டில் பதற்ற நோய் இருந்தவர்கள் 17.2 விழுக்காடு என்று அது கண்டது. ஆம்ஸ்டர்டாம் நீள்தொடர் ஆய்வு 55 முதல் 85 வயது வரையுள்ளோரில் 10.2 விழுக்காடு என்று 1998இல் சொல்லியிருந்தது. நாடும் காலமும் கணக்கிடும் முறையும் வேறாக இருப்பதால் இவ்வேறுபாடு முழுவதையும் கேள்வியின் வடிவத்துக்கே உரியதாக்க முடியாது. உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் வலியுறுத்துவதுபோல், எஞ்சிய காலம் குறைவு என்று உணர்ந்த முதியோர் பலர் உணர்ச்சிகளைத் திறம்பட ஆளக் கற்றுக்கொள்வதும் உண்மையே. ஆயினும் முதுமை அமைதியான பருவம் என்ற பொதுக் கூற்று இனி நிரூபணமின்றி நிற்காது.

தமிழகத்துக்கு நேரடித் தொடர்புள்ள ஆய்வொன்று இதே எச்சரிக்கையை வேறு வழியில் தருகிறது. சென்னை நகரமும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களும் 10/66 மறதிநோய் ஆய்வுக் குழுவின் களங்களாக இருந்தன. லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகியவற்றின் முதியோரிடம் ஒரே படிவத்தால் பதற்றத்தை அளந்து 2011இல் அக்குழு வெளியிட்ட முடிவில், சீனக் கிராமப்புறத்தில் 0.1 விழுக்காடும் பெருவின் நகரப்புறத்தில் 9.6 விழுக்காடும் வந்தன. ஏறத்தாழ நூறு மடங்கு இடைவெளியை வாழ்க்கைநிலை மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது. அயலாரிடம் கவலையைச் சொல்வது இழிவா, நேர்காணலின்போது மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தார்களா என்பதும் அதில் கலந்திருக்க வேண்டும்.

இந்திய முதியோரில் எத்தனை பேருக்குப் பதற்ற நோய் இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தியாவின் பெரிய தரவுத் தொகுப்பில் விடை தேட முடியாது. 2017–18இல் 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரைச் சந்தித்த இந்திய முதுமை நீள்தொடர் ஆய்வின் முதன்மைக் கணக்கெடுப்பு, 60 வயதைக் கடந்தோரில் 8.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்றது. பதற்ற நோய்க்கு அத்தகைய எண் அதில் இல்லை. எண்ணப்படாத நோய்க்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

ஆனால் எண்ணப்படாத நோய்க்கும் மாத்திரை கிடைத்துவிடுகிறது. தூக்கமில்லை என்று வருபவருக்கு அல்பிரசோலம் போன்ற பென்சோடயசிபீன் வகை மாத்திரை எழுதுவதே மிகச் சுலபமான வழி. இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி அல்பிரசோலத்தை மருந்துச் சீட்டின்றி விற்கக்கூடாது. ஆயினும் பழைய சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்குவது நிற்கவில்லை. முதியோர் உடலில் இவ்வகை மருந்துகள் நினைவைக் குழப்பி, தள்ளாட வைத்து, எலும்பு முறிவுக்கும் வழிகோலுகின்றன. முதியோருக்கு ஒவ்வாத மருந்துகளைத் தொகுக்கும், 1991இல் தொடங்கிய பியர்ஸ் பட்டியலின் அண்மைப் பதிப்புகள் இவற்றைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். விழுவோமோ என்று அஞ்சுபவருக்கு விழ வைக்கும் மருந்தைத் தருவது மருத்துவத்தின் கொடிய முரண்களில் ஒன்று.

மாற்று வழிகளின் பலன் மிதமானது. எரிக் லென்ஸி குழுவினர் 177 முதியோரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட 12 வார ஆய்வில் எசிட்டலோபிராம் மருந்து பெற்றவர்களில் 69 விழுக்காட்டினரும் வெறும் மாத்திரை பெற்றவர்களில் 51 விழுக்காட்டினரும் தேறினர். ஹூஸ்டன் நகரில் 134 முதியோரிடம் மெலிண்டா ஸ்டான்லி நடத்தி அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அறிதல் நடத்தை சிகிச்சை கவலையையும் மனச்சோர்வையும் குறைத்தது. நோயின் மொத்தத் தீவிரத்தில் வேறுபாடு காணவில்லை. வட கரோலினாவின் கிராமப்புற முதியோருக்குத் தொலைபேசி வழியே அதே சிகிச்சையைத் தந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, ஆதரவாகப் பேசுவதைவிட அது கூடுதல் பலன் தந்ததாகக் கண்டது. மனநல மருத்துவர் எட்டாத் தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு இம்முடிவு முக்கியமானது.

கோவாவில் 181 முதியோரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இந்தியச் சூழலுக்கு இன்னும் நெருக்கமானது. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் சிக்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கவும், மாத்திரையின்றித் தூங்கும் பழக்கத்தை மீட்கவும், அரசு உதவித்தொகை பெறவும் முதியோருக்குத் துணைநின்றனர். இவ்வுதவி பெற்றவர்களில் ஓராண்டில் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 4.4 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 14.4 விழுக்காடு. தலையீட்டின் பகுதிகள் பெரும்பாலும் பதற்றத்துக்கும் பொருந்துபவை. அதைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தேவை, தமிழில் சரிபார்க்கப்பட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் தனிமையில் வாய்மொழியாகக் கேட்கக்கூடிய ஓர் அளவை. முதியோர் பதற்ற அளவையின் ஐந்து வாக்கியச் சுருக்க வடிவத்தோடு விழும் அச்சம் பற்றிய ஒரு கேள்வியையும் சேர்த்தால், வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் ரத்த அழுத்தம் பார்க்கும் வேளையிலேயே அதைக் கேட்டு முடித்துவிடலாம்.