தானா ஓடுற லாரிக்கு முன்னாடி ஒரு பெட்டி வந்துச்சு

தானா ஓடுற லாரின்னு சொன்னதும் முதல்ல வர்ற கேள்வி, "டிரைவர்களுக்கு என்ன ஆகும்?" கிட்டத்தட்ட 70 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்கத் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் இதே கேள்வி வந்துச்சு. அவங்க வேலையை மாத்தினது ரோபோ இல்லை. கன்டெய்னர்ங்கிற ஒரு பெட்டி.

1956 ஏப்ரல் 26. நியூவார்க்கிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கன்டெய்னர்களோட ஹூஸ்டனுக்குக் கிளம்புச்சு. அனுப்பினவர் மால்கம் மெக்லீன், லாரி கம்பெனி நடத்தினவர். அதுவரைக்கும் மூட்டை, பீப்பாய்னு ஒவ்வொண்ணா ஆட்கள்தான் தூக்கி அடுக்கணும். அப்படி ஒரு டன் சரக்கு ஏத்த 5.83 டாலர் ஆச்சு. ஐடியல் எக்ஸ்ல 16 சென்ட்கூட ஆகலை!

மிச்சமாகுற இந்தப் பணம் யாருக்கு? மேற்குக் கரைத் துறைமுகங்களில் இதைக் கேட்டவர் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ். மெஷினைத் தடுக்க முடியாது, லாபத்தில் பங்கு கேட்கலாம்ங்கிறது அவர் கணக்கு. 1960ல் ஒப்பந்தம் ஆச்சு. புது முறைகளுக்குச் சங்கம் குறுக்கே நிற்காது. பதிலுக்கு முதலாளிகள் ஐந்தரை வருஷத்தில் மொத்தம் 2.9 கோடி டாலர் தரணும். பதிவு பெற்ற தொழிலாளிகளை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. 25 வருஷம் உழைச்சவர் 65 வயசுல ஓய்வு பெற்றா, கையில் 7,920 டாலர்.

நல்ல ஒப்பந்தம்தான். ஆனா எல்லாருக்கும் இல்லை. முழுப் பதிவு இல்லாத தற்காலிக ஆட்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கலை. ஊருக்கும் கிடைக்கலை. கன்டெய்னர் அடுக்க சான் பிரான்சிஸ்கோவில் இடம் பத்தலை. வேலை எதிர்க்கரையில் இருந்த ஓக்லாந்துக்குப் போயிடுச்சு. பெட்டியில் சரக்கு நிரப்புற வேலையும் துறைமுகத்தை விட்டு வெளியே போச்சு. 1971-72ல் அதே சங்கம் 134 நாள் வேலைநிறுத்தம் செஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போ லாரிக்கு வருவோம். 2025ல் டாலஸ் - ஹூஸ்டன் நெடுஞ்சாலையில் அரோரா நிறுவனம் டிரைவர் இல்லாம சரக்கு லாரி ஓட்ட ஆரம்பிச்சது. சில வாரத்தில், லாரி தயாரிச்ச கம்பெனி கேட்டுக்கிட்டதால, ஒரு கண்காணிப்பாளரை மறுபடி உள்ளே உட்கார வெச்சாங்க. ஓட்டினது என்னவோ கம்ப்யூட்டர்தான். அமெரிக்கச் சட்டப்படி சரக்கு லாரி டிரைவர் ஒரு ஷிஃப்டில் 11 மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது. கம்ப்யூட்டருக்குத் தூக்கமும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். கம்பெனிகள் எதிர்பார்க்கிற லாபம் பெரும்பாலும் அங்கேதான்.

அந்த லாபத்தில் டிரைவர் பங்கு கேட்க முடியுமா? துறைமுகத்தில் ஒரு கரை முழுக்க ஒரே சங்கம் இருந்துச்சு. லாரித் தொழிலில் 1980ல் கட்டுப்பாடுகளைத் தளர்த்தின சட்டத்துக்கு அப்புறம் சங்கங்களோட பலம் குறைஞ்சு போச்சு. இன்னிக்கு ஆயிரக்கணக்கான சின்னக் கம்பெனிகள், சொந்த லாரி வெச்சு ஓட்டுறவங்கன்னு எல்லாரும் சிதறிக் கிடக்காங்க. பிரிட்ஜஸ் பேரம் பேசினது, பெட்டி எல்லாத் துறைமுகத்தையும் பிடிக்கிறதுக்கு முன்னாடி. லாரி டிரைவர்களுக்கும் அந்த நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அவங்க சார்பா உட்கார்ந்து பேசத்தான் ஆள் வேணும்.